கெம்பஸ் லொகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி கட்டாயமாம்: சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது?

தோட்டத்துப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கெம்பஸில் ஒரு அறிவித்தல் போட்டிருக்கிறார்கள். அடுத்த செமஸ்டரிலிருந்து ஈமெயில், எல்எம்எஸ் என்ற பாடத் தளம், பரீட்சைப் பதிவு, பெறுபேறு பார்க்கும் பக்கம் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட் மட்டும் போதாது, போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும், ஒருமுறை மட்டும் செல்லும் கோடையும் (ஓடிபி) போட வேண்டும், ஆகவே எல்லாரும் போன் நம்பரைப் பதிவு செய்யுங்கள் என்று. கெம்பஸில் இருக்கும்போது கஷ்டமில்லை. ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போனால்தான் சிக்கல். எங்கள் வீடு மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் நிற்காது, தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு மேலே ஏறினால்தான் பேசலாம். கரண்ட் நெடுநேரம் போனால் டவரும் போய்விடும். வேறு வேலைகளுக்கு ஓடிபி கேட்டபோதெல்லாம் மெசேஜ் வந்து சேருவதற்குள் நேரம் முடிந்து, திரும்பக் கேட்டு, கடைசியில் பழையதும் புதியதும் ஒன்றாக வந்து விழும்.

அப்புறம், என் சிம் மாமா பெயரில் இருக்கிறது. கொவிட் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக அவர் எடுத்துக் கொடுத்தது. வீட்டில் இருக்கும்போது போன் பாதி நேரம் தங்கச்சியிடம் இருக்கும், அவள் ஏ.எல் படிக்கிறாள். இந்த நிலையில் பரீட்சைப் பதிவுக்குக் கடைசி நாளில் லொகின் ஆக முடியாமல் போனால் யார் பொறுப்பு? சிக்னல் இல்லாமல் இது வேலை செய்ய வழி இருக்கிறதா? பெட்ச்சில் பாதிப் பேர் இது தேவையே இல்லை என்கிறார்கள். எனக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேர்வர் அறை

தங்கச்சி, முதலில் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சிக்னலும் நெட்டும் இல்லாமல் கோட் எடுக்க வழி இருக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன், எது என்று சொல்லவில்லை, ஆனால் மலையகத்தில்தான்.

ஒத்தென்டிகேட்டர் ஆப் என்று இருக்கிறது. கூகுளுடையது, மைக்ரோசொப்டுடையது, இன்னும் பல, எல்லாம் இலவசம். முதல் தடவை மட்டும் கெம்பஸ் பக்கம் ஒரு கியூஆர் கோட் காட்டும், அதை ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தக் கியூஆருக்குள் ஒரு நீளமான ரகசிய எழுத்துத் தொடர் இருக்கிறது. அதன் ஒரு பிரதி உங்கள் போனில், இன்னொன்று சேர்வரில். அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றோடொன்று பேசவே வேண்டியதில்லை. போன் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு ஆறு இலக்கம் தரும், சேர்வரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். 30 செக்கனுக்கு ஒரு தடவை இலக்கம் மாறும். இது 2011இலேயே பொதுத் தரமாக வெளியான முறை, எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள், இலக்கம் மாறிக்கொண்டுதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: போனின் நேரம் சரியாக இருக்க வேண்டும். பற்றரி செத்து நேரம் பின்னுக்குப் போயிருந்தால் கோட் பிழை என்று வரும். நேரத்தை ஒட்டோமெடிக்கில் விடுங்கள், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது அதுவே சரியாகும்.

லொகின் ஆவதற்கு எப்படியும் நெட் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் ஹட்டனில் ஒரு கடையின் வைஃபையில் இருந்தாலும் டவுனில் நண்பியின் லெப்டொப்பில் இருந்தாலும், உங்கள் சிம்முக்கு அந்த நேரத்தில் கவரேஜ் இருக்கிறதா இல்லையா என்ற கவலை இருக்காது.

லுணுகலையான்

நான் வேறு கெம்பஸ், மூன்றாம் வருடம். எதிர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும் சேர்.

எங்களிடம் திருட என்ன இருக்கிறது? அசைன்மென்டா? இது மேலே செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் கீழே இருக்கும் மாணவன் தலையில் சுமத்துவதாகத்தான் எனக்குத் தெரிகிறது. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் ஈமெயில் சேர்வருக்கு என்ன நடந்தது? கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரேன்சம்வெயார் புகுந்து மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான ஈமெயில்கள் போயின, ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே இருந்த ஓட்டைகள் இவை: புதுப்பிக்காமல் வைத்திருந்த பழைய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 ஈமெயில் மென்பொருள், அதோடு அந்தக் காலத்துக்கு ஒழுங்கான பேக்கப் இல்லை. அங்கே ஓடிபி இருந்திருந்தால் மட்டும் தடுத்திருக்குமா? 2021 பெப்ரவரியில் கூகுளின் இலங்கை முகவரி (google.lk) உட்பட சில தளங்களைத் திறந்தவர்கள் வேறு ஒரு பக்கத்துக்குப் போனார்கள். தேயிலைத் தொழிலின் பிரச்சினைகளையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் பற்றிய பக்கம் அது. அதுவும் மேலே, இணைய முகவரிகளைப் பதியும் டொமைன் பதிவில் நடந்த தாக்குதல். ஓட்டை மேலே இருக்கிறது, கஷ்டம் மட்டும் எங்களுக்கு.

எங்கள் பெட்ச்சில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஸ்க்ரீன் உடைந்த போனை ரப்பர் பேன்ட் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆப் என்று சொல்வது எளிது.

நூலக மேசை

தம்பி லுணுகலையான், நீங்கள் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விஷயம் சரி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "திருட என்ன இருக்கிறது" என்பதை மட்டும் விட முடியாது. நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன்.

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது குற்றம் சுமத்தியது. அவர்கள் புகுந்தது அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களுக்குள், வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களுக்குள். எப்படிப் புகுந்தார்கள் தெரியுமா? விரிவுரையாளர்களுக்குப் பொய் ஈமெயில் அனுப்பி, பல்கலைக்கழக லொகின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் காட்டி, பாஸ்வேர்டை வாங்கிவிட்டார்கள். அதே ஆட்கள் என்று கருதப்படுபவர்கள் பிறகு நூலக லொகின் பக்கங்களைப் போலவே போலிப் பக்கம் செய்தார்கள். "உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகப் போகிறது, இங்கே புதுப்பியுங்கள்" என்ற மாதிரியான ஈமெயில். அவர்கள் தேடியது ஆய்வுகள், சஞ்சிகைகள், பல்கலைக்கழகம் காசு கட்டி வாங்குபவை. ஒரு மாணவனின் கணக்கு கிடைத்தாலும் அந்த வாசல் திறக்கும்.

நம் பிள்ளைகளுடைய விஷயத்துக்கு வருவோம். ஒரு மாணவியின் கோப்பில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், மகாபொல, பேர்சரி உதவித்தொகைகளுக்குக் கொடுத்த பெற்றோர் வருமான விபரம், பேங்க் கணக்கு இலக்கம், மருத்துவ அறிக்கை. இதில் பலவற்றை நம் பிள்ளைகள் ஈமெயிலில்தான் ஸ்கேன் பண்ணி அனுப்புகிறார்கள், அது சென்ட் மெயிலில் அப்படியே கிடக்கிறது. ஈமெயில் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இவை எல்லாம் இருக்கும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், "உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது" என்று ஒரு ஈமெயில் வந்தது. அது வந்தது ஒரு விரிவுரையாளரின் உண்மையான கணக்கிலிருந்து, ஏனென்றால் அவருடைய பாஸ்வேர்ட் ஏற்கனவே போயிருந்தது. தெரிந்த பெயர், தெரிந்த முகவரி, யார் சந்தேகப்படுவார்கள்? பலர் பாஸ்வேர்ட் போட்டார்கள். பிறகு அந்தக் கணக்குகளிலிருந்து மாணவர்களுக்கு "புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று போனது. காசு அனுப்பிய பிள்ளை ஒன்று என் மேசைக்கு முன்னால் நின்று அழுதது. திருட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சேர்வர் அறை

அக்கா சொன்னதோடு சேர்த்து இரண்டு பல்கலைக்கழகங்களின் கதையைச் சொல்கிறேன். இரண்டும் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னவர்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம். 2018 நவம்பரில் ஒரு மூத்த அலுவலருக்கு ஈமெயில் வந்தது. அவருடைய மெயிலைப் பார்க்கும் இன்னொருவர் அதை முன்தோற்றத்தில் பார்த்தார், லிங்கை அழுத்தவும் இல்லை, எதையும் இறக்கவும் இல்லை, ஆனாலும் பாஸ்வேர்ட் போனது. அங்கிருந்து படிப்படியாக மாணவர், ஊழியர், நிதி விபரங்கள் வைத்திருந்த பகுதிக்குள் போனார்கள். 19 வருடத் தரவு அந்த இடத்தில் இருந்தது. 2019 ஜூனில் வெளியே சொன்னார்கள், ஒக்டோபரில் முழு அறிக்கையும் போட்டார்கள். இங்கே நான் கவனிப்பது ஒன்று: படித்து முடித்துப் போனவர்களின் விபரத்தை ஏன் அத்தனை வருடம் அதே இடத்தில் வைத்திருந்தார்கள்? வைத்திருக்காத தரவை யாரும் திருட முடியாது. நம் நாட்டிலும் இதைக் கேட்க வேண்டும்.

மற்றது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட். 2019 ஒக்டோபரில் ஃபிஷிங் எனும் ஏமாற்று ஈமெயில், உள்ளே புகுந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, நத்தார் விடுமுறை தொடங்கும் நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டினார்கள். பல்கலைக்கழகம் 30 பிட்கொயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 இலட்சம் யூரோ.

தம்பி லுணுகலையான், உங்கள் வாதத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சேர்வரைப் புதுப்பிப்பதும் பேக்கப்பும் எங்கள் வேலை, அதை நாங்கள் செய்யாவிட்டால் எங்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒரு பாஸ்வேர்ட் மட்டும் போய் அங்கிருந்து ஆள் உள்ளே வருவதை, சேர்வர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் தடுக்க முடியாது. இரண்டும் வேண்டும்.

அக்குரணை நானா

நான் கெம்பஸ் போனவன் இல்லை. கண்டி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் (இன்டர்நெட், பிரின்ட் கடை) வைத்திருக்கிறேன், போன் திருத்தமும் செய்கிறேன். பிள்ளைகள் எல்லாம் என் கடைக்கு வருவதால் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஏ.எல் முடித்துவிட்டுக் கெம்பஸ் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு ஈமெயில் முகவரியே இருக்காது. கடையில் வேலை செய்யும் பையன் ஒன்று செய்து கொடுப்பான். பாஸ்வேர்டை அவனே போடுவான், துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பான். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்கும் மீட்பு நம்பர் கேட்டால், பிள்ளையிடம் போன் இல்லை என்றால், கடை நம்பரையே போட்டுவிடுவான். என் கடையில் நான் இதை நிறுத்திவிட்டேன், ஆனால் ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளை இன்றைக்கு இரண்டாம் வருடம் படிக்கலாம், அந்த ஈமெயிலின் மீட்பு நம்பர் இன்னமும் ஏதோ ஒரு கடையில் இருக்கிறது. கடைக்காரன் நல்லவனாக இருக்கலாம், கடை கை மாறினால்? தயவுசெய்து எல்லாரும் இன்றைக்கே உங்கள் ஜிமெயிலுக்குள் போய் மீட்பு நம்பர் என்ன, மீட்பு ஈமெயில் என்ன என்று பாருங்கள். கெம்பஸ் கணக்கைத் திரும்ப எடுக்கும் லிங்க் அந்த ஜிமெயிலுக்குத்தான் வரும் என்றால், கெம்பஸ் எவ்வளவு கவனமாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

தோட்டத்துப் பிள்ளை மகள், சிம் மாமா பெயரில் என்று எழுதியிருந்தீர்கள். சிம் தொலைந்தால் புதிது எடுக்க யாருடைய பெயரில் பதிந்திருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். மாமா கொழும்பில் வேலை என்றால் அவர் வரும் வரைக்கும் உங்களுக்கு ஓடிபி இல்லை. ரீலோட் போடாமல் நீண்ட நாள் விட்டால் நம்பர் துண்டிக்கப்படும், பிறகு அந்த நம்பர் வேறு ஆளுக்குப் போகலாம், உங்கள் ஓடிபி அவருக்கு வரும். முடிந்தால் உங்கள் பெயரில் ஒரு சிம் எடுங்கள்.

இன்னொரு விஷயம். திருத்தத்துக்குப் போன் கொடுக்கும்போது "இதில் ஒத்தென்டிகேட்டர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாவிட்டால் போனுக்குச் சொப்ட்வெயார் புதிதாக அடிக்கும்போது எல்லாம் அழிந்துவிடும், போனுக்கு வெளியே பிரதி வைத்திருக்காவிட்டால் பிறகு யாராலும் எடுத்துத் தர முடியாது.

தோட்டத்துப் பிள்ளை

நானா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு உடனே பார்த்தேன். என்னுடைய மீட்பு நம்பர் மாமாவுடையதுதான், அது பரவாயில்லை. என் ரூமில் இருக்கும் பிள்ளைக்கு யாருடையது என்றே தெரியாத நம்பர் ஒன்று இருந்தது. இப்போதே மாற்றிவிட்டோம். பெரிய நன்றி.

சேர்வர் அறை அண்ணா, தங்கச்சி பாவிக்கும் போனிலேயே ஆப்பை வைத்தால் பிரச்சினையா? பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி?

சேர்வர் அறை

உங்கள் தங்கச்சியோடு போனைப் பகிர்வது பெரிய ஆபத்து இல்லை. ஆப்புக்குத் தனியாகக் கைரேகையோ பின் நம்பரோ போட முடிந்தால் போடுங்கள். தூரத்தில் இருக்கும் திருடனிடம் பாஸ்வேர்ட் இருக்கலாம், உங்கள் வீட்டுப் போன் இருக்காது, அதுதான் இதன் அடிப்படை. அவளும் கெம்பஸ் வந்தால் அவளுடைய கணக்கையும் அதே ஆப்பில் சேர்க்கலாம்.

பட்டன் போன்காரர்களுக்கு மூன்று வழி. ஒன்று, லெப்டொப் இருந்தால் அதிலேயே கோட் தரும் மென்பொருள் இருக்கிறது, கீபாஸ்எக்ஸ்சி இலவசம். இரண்டாவது, சாவிக்கொத்தில் மாட்டும் அளவில் சின்னத் திரையோடு ஒரு கருவி இருக்கிறது, பட்டனை அழுத்தினால் ஆறு இலக்கம் காட்டும், அதற்குப் போனும் வேண்டாம் சார்ஜும் வேண்டாம். அதைக் கெம்பஸ்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், மாணவன் காசில் அல்ல. எல்லாருக்கும் தேவையில்லை, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு மட்டும் என்றால் தாங்கக்கூடிய செலவுதான். மூன்றாவது பேக்கப் கோட். ஒருமுறை மட்டும் பாவிக்கக்கூடிய இலக்கங்களைக் கடதாசியில் அச்சிட்டுக் கொடுப்பது. கூகுள் ஒரு தடவைக்கு 10 கோட் தருகிறது. அதைப் பாஸ்வேர்ட் எழுதிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள், போனில் போட்டோ எடுத்து வைக்க வேண்டாம், போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

எஸ்எம்எஸ்ஸை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. வேறு எதுவுமே முடியாதவனுக்கு எஸ்எம்எஸ் இருப்பது ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். 2019இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், மீட்பு நம்பருக்குப் போகும் எஸ்எம்எஸ் கோட் தானியங்கித் தாக்குதல்களை 100 வீதம் தடுத்தது, பெருந்தொகையாக அனுப்பும் ஃபிஷிங்கை 96 வீதம், ஒருவரையே குறிவைத்து வரும் தாக்குதலை 76 வீதம். போனில் "நீங்களா?" என்று கேட்கும் முறை 100, 99, 90. யூஎஸ்பி போலச் செருகும் பாதுகாப்புச் சாவி மூன்றிலும் 100. மாணவர்கள் சந்திப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வகை. நிதிப் பிரிவு, பரீட்சைப் பிரிவு, எங்களைப் போல சேர்வருக்குச் சாவி வைத்திருப்பவர்கள் சந்திப்பது மூன்றாவது. அவர்களுக்கு எஸ்எம்எஸ் போதவே போதாது.

ஆறு இலக்கக் கோடையும் திருடலாம் என்பதை மறைக்க மாட்டேன். போலிப் பக்கம் உங்கள் பாஸ்வேர்டையும் கோடையும் வாங்கி அதே நிமிடத்தில் உண்மையான பக்கத்தில் போட்டுவிட்டால் உள்ளே போகலாம், அப்படிச் செய்யும் கருவிகள் இருக்கின்றன. "நீங்களா?" என்று கேட்கும் முறைக்கும் ஒரு பலவீனம்: 2022 செப்டெம்பரில் ஊபர் கம்பனியில் ஒரு ஒப்பந்த ஊழியருக்கு அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது, கடைசியில் அவர் ஆம் என்று அழுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசொப்ட், திரையில் தெரியும் இலக்கத்தைப் போனில் தட்டச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. நீங்கள் லொகின் ஆகாத நேரத்தில் கேள்வி வந்தால் இல்லை என்று அழுத்துங்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்கீ என்ற புதிய முறை இந்தப் போலிப் பக்கத்துக்கே அசையாது, ஏனென்றால் அது முகவரியைத் தானே சரிபார்க்கும், வேறு முகவரி என்றால் வாயே திறக்காது. போனில் கைரேகை வைத்தால் போதும். போகப் போக எல்லாரும் அங்கேதான் போக வேண்டும்.

லுணுகலையான்

சரி சேர், கோட் தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நூலக அக்கா சொன்ன கதைக்குப் பிறகு மறுக்க முடியாது. ஆனால் வரிசை பிழை என்பதில் நான் மாறவில்லை. முதலில் மாணவன், பிறகு அலுவலகம் என்று செய்கிறார்கள். எங்கள் பீடத்தில் பெட்ச் முழுவதினதும் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் உள்ள எக்செல் ஷீட்டை "உங்கள் விபரம் சரியா பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு தெரியாத நம்பரிலிருந்து எத்தனை கோல். இதை எந்த ஓடிபி தடுக்கும்?

2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது அரச நிறுவனங்களுக்கும்தான். எதற்காகத் தரவை எடுத்தார்களோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தகுந்த பாதுகாப்பு வைக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இப்போது போன் நம்பரையும் கேட்கிறார்கள். அந்த நம்பர் இன்னொரு எக்செல் ஷீட்டுக்குள் போகாது என்று யார் எழுதித் தருவார்கள்?

நூலக மேசை

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். ஆப் என்றால் கெம்பஸுக்குப் போன் நம்பரே கொடுக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள், எஸ்எம்எஸ்ஸை எதிர்ப்பதற்கு அது இன்னொரு நல்ல காரணம்.

பழைய பெட்ச்

பேராதனையில் படித்து வெளியே வந்து இப்போது வேறிடத்தில் கற்பிக்கிறேன். எல்லாரும் கோடைப் பற்றிப் பேசுகிறீர்கள், போன் தொலைந்த மாணவன் என்ன செய்வான் என்பதைப் பற்றி யாரும் இன்னும் ஆழமாகப் பேசவில்லை. முழு ஏற்பாடும் நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கணினிப் பிரிவுக்குக் கோல் எடுத்து "என் போன் தொலைந்துவிட்டது" என்றால் என்ன கேட்பார்கள்? பதிவு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. இவை மூன்றும் பெட்ச்சில் யாருக்குத் தெரியாது? வரவுப் பட்டியலில் பதிவு இலக்கம் இருக்கிறது, அடையாள அட்டை இலக்கத்திலிருந்தே பிறந்த திகதியைக் கணக்குப் பார்த்து எடுக்கலாம், மேலே தம்பி சொன்ன எக்செல் ஷீட் வேறு. அப்படி ஒரு கோலில் கணக்கைத் திறந்து கொடுத்தால் இரண்டாவது கட்டம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. 2016இல் ஜனாதிபதியின் இணையத்தளத்தை மாற்றியதற்காகக் கைதானவர் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன், அங்கே போட்டிருந்த கோரிக்கைகளில் ஒன்று ஏ.எல் பரீட்சைத் திகதியை மாற்றச் சொல்லி. வெளிநாட்டு ஆட்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். பரீட்சை, பெறுபேறு என்றால் காரணமுள்ளவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

மறுபக்கம், நேரில் மாணவர் அட்டையோடு வந்தால்தான் திறப்போம் என்று மட்டும் வைத்தால், லீவில் மஸ்கெலியாவிலோ மடுல்சீமையிலோ இருக்கும் பிள்ளை பஸ்ஸேறி நாள் முழுக்கச் செலவழித்து வர வேண்டும், பஸ் காசு யார் கொடுப்பது? நடுவழி இருக்கிறது. வீடியோ கோலில் முகத்தையும் மாணவர் அட்டையையும் காட்டுவது, அதோடு பீடத்தில் அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஒரு விரிவுரையாளர் உறுதிப்படுத்துவது. திறந்து கொடுத்ததும் மாணவனின் மற்ற ஈமெயிலுக்கு அறிவித்தல் போவது. பரீட்சைப் பதிவுக் காலத்தில் இந்த மேசை மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

மொழி. இதை அழுத்திச் சொல்கிறேன். அறிவுறுத்தல் ஆங்கிலத்தில் வரும், பிறகு சிங்களத்தில் வரும், தமிழில் எப்போதாவது வரும். முதலாம் வருடத்துப் பிள்ளை விளங்காமல் "அண்ணே, இதைச் செட் பண்ணித் தாங்க" என்று சீனியரிடம் கொடுக்கும். அவர் தன் போனிலேயே கியூஆரை ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிடுவார், உதவி என்று நினைத்துத்தான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் ரகசியம் சீனியரின் போனில் இருக்கிறது, அந்தப் பிள்ளை ஒவ்வொரு லொகினுக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டும். ராகிங் இருக்கும் சூழலில் இது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் அறிவுறுத்தல் கேட்பது சலுகை கேட்பது இல்லை.

சேர்வர் அறை

சேர், சீனியர் போன் விஷயம் மிக முக்கியம். என் பிரிவில் நாளைக்கே சொல்கிறேன். கியூஆர் பக்கத்திலேயே "உங்கள் சொந்தப் போனில் மட்டும்" என்று மூன்று மொழியிலும் போட வேண்டும். ஏற்கனவே வேறு ஆளின் போனில் போட்டவர்கள் செட்டிங்ஸுக்குள் போய் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஸ்கேன் செய்தால் பழைய ரகசியம் செல்லாது.

அக்குரணை நானா

இதையும் எழுதுங்கள்: கடைக் கொம்பியூட்டரில் "இந்தக் கருவியை நினைவில் வை" என்பதை அழுத்த வேண்டாம். அதை அழுத்தினால் அடுத்த ஆளிடம் கோட் கேட்காது. வேலை முடிந்ததும் லொக்அவுட். பிள்ளைகள் பிரின்ட் எடுத்ததும் எழும்பிப் போய்விடுகிறார்கள், நான்தான் ஒவ்வொன்றாக மூடுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. இரவு முழுக்க வாசித்தேன். பெட்ச் பிரதிநிதிகளோடு பேசிவிட்டோம், பதிவாளருக்கும் கணினிப் பிரிவுக்கும் கடிதம் ஒன்று கொடுக்கப் போகிறோம். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வேண்டாம் என்று எழுதவில்லை. எழுதியிருப்பது இதுதான்: எஸ்எம்எஸ்ஸோடு ஆப்பும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், ஆப் எடுப்பவர்களிடம் போன் நம்பர் கேட்கக் கூடாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் கருவியைக் கெம்பஸ் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் பேக்கப் கோட் கடதாசியில். போன் தொலைந்தால் என்ன நடைமுறை என்று முன்கூட்டியே எழுத்தில், தமிழிலும். பரீட்சைப் பதிவின் கடைசி வாரத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாது. பரீட்சைப் பிரிவும் நிதிப் பிரிவும் எங்களுக்கு முன்பே மாற வேண்டும். மாணவர் விபரப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்த வேண்டும், இதை லுணுகலையான் அண்ணாவுக்காகச் சேர்த்தோம்.

தமிழ் அறிவுறுத்தலை அவர்கள் எழுதும் வரை காத்திருக்காமல் நாங்களே எழுதிக் கடிதத்தோடு வைக்கலாம் என்று ஒரு யோசனை. யார் உதவி செய்வீர்கள்?

லுணுகலையான்

அண்ட்ரொய்ட் பகுதியை நான் எழுதுகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஸ்க்ரீன்ஷொட் போட்டு. உடைந்த ஸ்க்ரீன் போனிலும் செய்து பார்த்துவிட்டுத் தருகிறேன்.

நூலக மேசை

நான் பிழை திருத்தித் தருகிறேன். போலி ஈமெயிலை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பக்கமும் சேர்க்கலாம், எங்களுக்கு வந்த உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன, பெயர்களை அழித்துவிட்டு அனுப்புகிறேன்.

சேர்வர் அறை

ஐபோன் பகுதி, பேக்கப் கோட், போன் மாற்றும்போது கணக்கைப் புதிய போனுக்குக் கொண்டு போவது, மூன்றும் என்னிடம் விடுங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் எங்களிடம் வருபவர்கள் அதிகம்: பழைய போனை விற்றுவிட்டுப் பிறகு வருகிறார்கள். பழையது கையில் இருக்கும்போதே புதியதில் ஸ்கேன் செய்ய வேண்டும். வார இறுதிக்குள் அனுப்புகிறேன், தங்கச்சி. கடிதத்தின் ஒரு பிரதியை இங்கே போடுங்கள், மற்றக் கெம்பஸ் பிள்ளைகளும் எடுத்துக் கொள்ளட்டும்.